பனியன் கம்பெனி பல்கலைக்கழகம் அல்ல

திருப்பூரில் ஆள் தட்டுப்பாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு குற்றச்சாட்டும் எழுகிறது. தொழில் அமைப்புகளின் மேடையிலும் கேட்கலாம், கல்யாண மண்டபத்துப் பந்தியிலும் கேட்கலாம். தொண்டு நிறுவனக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போய், தொழில் வழிகாட்டுகிறோம் என்ற பெயரில் பிள்ளைகளின் மனதைக் கலைக்கிறார்களாம். ஏசி அறையில் உட்காரும் ஆசையை ஊட்டிவிடுவதால் தையல் மிஷினில் உட்கார ஆள் இல்லையாம். பனியன் கம்பெனியே ஒரு பல்கலைக்கழகமாம். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்த பையன்கள்தானே இன்று ஏற்றுமதியாளர்கள் என்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கி ஊர்ப் பெயரைக் கெடுப்பதை விட்டுவிட்டு, தையல் கற்றுக்கொடுத்து எங்களிடம் ஆள் அனுப்பட்டும், அதுதான் உண்மையான தொண்டு என்று முடிக்கிறார்கள்.

இந்த வாதத்தைப் பத்து வருடமாகக் கேட்டும் பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிட்டோம். சொல்பவர்கள் ஊரில் பெரிய மனிதர்கள், கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நன்கொடை தருபவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த வாதம் அடிமுதல் நுனிவரை தவறானது. அதை நம்பிப் பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைகளின் வாழ்க்கை அதில் அடங்கியிருப்பதால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்தக் கைமடிப் பையன் கதை. அதில் உண்மை உண்டு. 1925இல் பேபி நிட்டிங் தொடங்கியபோது முளைத்த தொழில் இது. பிறகு வந்த முதலாளிகளில் பலர் சின்ன வயதில் கம்பெனிக்கு வந்து, துணிக்கட்டின் மேலேயே படுத்து உறங்கி, கட்டிங் மாஸ்டராகி, நாலு பழைய மிஷின் வாங்கிப் போட்டு மேலே வந்தவர்கள்தான். அந்த உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த உழைப்புக்குத் துணையாக வேறு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி, முதலாளிகளையும் தொழிலாளிகளையும் சந்தித்து எழுதிய ‘ஃப்ரேடர்னல் கேபிடல்’ என்ற நூல் 2004இல் வந்தது. இந்த ஏற்றத்தின் கதையை அவ்வளவு விரிவாக அலசிய நூல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதில் தெரியும் சித்திரம் இதுதான்: மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார கவுண்டர் விவசாயக் குடும்பங்களின் ஆண்கள். நிலத்தின் பின்பலம் இருந்தது. மாமன் மச்சான் வழியில் கடன் கிடைத்தது. பழைய முதலாளியே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார், ஜாப் ஆர்டர் தந்து தூக்கிவிட்டார்.

அதே கம்பெனியில், அதே காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கைமடித்தவர்களிலும் பிசிர் வெட்டியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் உழைக்கவில்லையா? விடிய விடிய அடுக்கிக் கட்டவில்லையா? கைமடித்து ஏற்றுமதியாளர் ஆன ஆண்களின் பெயர்களை மேடையில் வரிசையாகச் சொல்கிறவர்கள், கைமடித்து ஏற்றுமதியாளர் ஆன பெண்களின் பெயர்களையும் சொல்லட்டும். நிலமும் உறவும் இல்லாதவர்களில் எத்தனை பேர் அந்த வழியில் போக முடிந்தது என்று சொல்லட்டும். ஒரு சாராருக்கு மட்டும் பட்டம் கொடுக்கும் இடத்துக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்பது கதையின் அடுத்த பகுதி. 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் எதற்காக நான்கு மாதம் பட்டினி கிடந்தார்கள்?

சரி, ஒரு பேச்சுக்கு அந்த வழி எல்லோருக்கும் திறந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்று அது எங்கே? எண்பதுகளில் ஒருவர் வாடகைக் கொட்டகையில் பழைய ஓவர்லாக் மிஷின்களைப் போட்டுத் தொழில் தொடங்க முடிந்தது. இன்றைய வெளிநாட்டு பையர் சான்றிதழ் கேட்கிறார், ஆடிட் வைக்கிறார், பணத்தை மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கிறார். சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத பட்டறையில் சாயமேற்றிய துணிதான் வேண்டும் என்கிறார். இருபது வயதில் லைனில் சேர்ந்த பெண் நாற்பது வயதில் கம்பெனி வைப்பாள் என்று சொல்பவர், தன் சொந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்தையே மறந்துவிட்டுப் பேசுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலையே படிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்பதைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்களே நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர்களது சங்கம் 1997இல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியைத் தொடங்கியிருக்காது. முதலிபாளையத்தில் அது இன்றும் நடக்கிறது. ஆடை வடிவமைப்பும் மெர்ச்சண்டைசிங்கும் அங்கே பாடம். நல்ல முயற்சி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனியே கல்லூரி என்ற இரட்டை அளவுகோல் எப்படி நியாயமாகும்? தன் மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று மூன்று ஆலோசகர்களைக் கேட்டுவிட்டு வருபவர், தன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணின் மகளுக்கு ஒருவர் ஆலோசனை சொன்னால் அதை மனக்கலைப்பு என்கிறார்.

லைனில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று பார்க்கலாம். ஒரு டி-ஷர்ட்டை ஒருவர் முழுதாகத் தைப்பதில்லை. ஒருவர் சோல்டர் அடிப்பார். அடுத்தவர் கழுத்து ரிப் பிடிப்பார். இன்னொருவர் கை ஏற்றுவார், அடுத்தவர் சைடு அடிப்பார், கடைசியில் ஒருவர் பிளாட்லாக்கில் அடி மடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். சோல்டர் அடிக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டையின் பேட்டர்ன் எப்படிப் போடுவது என்று தெரியாது. துணி எத்தனை ஜிஎஸ்எம், ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி ஓடும், விலை எப்படிப் போடுகிறார்கள் என்பது எதுவும் அவள் கண்ணில் படாது. அவள் ஐந்து வருடம் இருந்தால் ஐந்து வருடமும் சோல்டர்தான். கை வேகம் கூடியிருக்கும், கழுத்து வலி கூடியிருக்கும். வேறு மிஷினுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டால் புரொடக்ஷன் விழுந்துவிடும் என்று சூப்பர்வைசர் மறுப்பார். அவர் நிலைமையும் அதுதான், ஷிப்மென்ட் தேதி அவர் தலைக்கு மேல் நிற்கும். தனிப்பட்ட ஒருவரின் கொடுமை என்று நான் இதைச் சொல்லவில்லை, லைன் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அங்கே வேலை கற்றுக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி பெரும்பாலான பெண்களுக்கு நிறைவேறுவதில்லை.

ஒற்றை ஆபரேஷன் மட்டும் தெரிந்தவரின் கதி என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மூன்று முறை கண்ணால் பார்த்தது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020இல் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது, ஆர்டர்கள் நின்றன. ஒவ்வொரு முறையும் முதலில் ஷிப்ட் குறைந்தது, பிறகு சம்பளம் குறைந்தது, பிறகு ஊருக்கு பஸ் ஏறினார்கள். வங்கிக் கடனுக்கு அவகாசம் கேட்கவும் சலுகைகள் கேட்கவும் முதலாளிகளுக்கு டெல்லி வரை ஆள் இருந்தது, கேட்டதில் தவறில்லை. தேனியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்த பெண்ணுக்கு யார் இருந்தார்கள்? கையில் இன்னொரு தொழிலோ, ஒரு சான்றிதழோ, அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்ற விவரமோ இருந்திருந்தால் அவளால் நின்று சமாளித்திருக்க முடியும். அதைத் தருவதற்குத்தான் இந்த வழிகாட்டும் அமைப்புகள் பாடுபடுகின்றன. அதைத்தான் மனதைக் கெடுப்பது என்கிறார்கள்.

மனதைக் கெடுப்பது என்று சொல்கிறார்களே, அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று இவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? ஏசி அறைக் கனவையா அங்கே விற்கிறார்கள்? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவருக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும் என்று சொல்கிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும் என்று சொல்கிறார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் எப்படி வாங்குவது, வருமானச் சான்றில் அப்பா பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று கூடவே போய்ச் செய்து தருகிறார்கள். பாலிடெக்னிக், ஐடிஐ, நர்சிங் என்று மதிப்பெண்ணுக்கும் வீட்டு நிலைமைக்கும் ஏற்ற படிப்பைப் பெற்றோருக்கு விளக்குகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு இந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதி எப்படித் தெரியும்?

வேலைக்குத்தான் போவேன் என்று முடிவெடுத்த பெண்ணையும் இந்த வழிகாட்டிகள் கைவிடுவதில்லை. அவளிடம் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி வரி வரியாகப் படித்துக் காட்டுகிறார்கள். இது அடிப்படைச் சம்பளம், இது பஞ்சப்படி, இது பிஎஃப் பிடித்தம், இது இஎஸ்ஐ. இந்த யுஏஎன் எண் உன்னுடையது, கம்பெனி மாறினாலும் இது மாறாது. கூடுதல் நேர வேலைக்குச் சட்டம் இரட்டைச் சம்பளம் சொல்கிறது, உன் சீட்டில் அந்த வரியே இல்லை, ஏன் என்று கேள். இந்த ஒரு வகுப்பு நாலு பேரிடம் போனால் எதிரொலி எங்கே எழும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘மனதைக் கெடுக்கிறார்கள்’ என்ற கோபத்தின் வேர் கல்லூரி ஆசையில் இல்லை, இந்தச் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

ஆள் தட்டுப்பாட்டுக்குத் தொண்டு நிறுவனங்கள்தான் காரணம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது என்று பெருமையோடு சொல்கிறோம். அவ்வளவு பெரிய தொழிலின் ஆள் பலத்தை, வாடகைக் கட்டடத்தில் ஐந்தாறு பேரை வைத்து இயங்கும் ஓர் அமைப்பு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திக் குலைத்துவிட முடியுமா? ஒன்றரை ஷிப்ட் நின்று வாங்கும் சம்பளத்தில் திருப்பூர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக என்ன மிச்சம் என்று கணக்குப் போட்ட அம்மாவும் அப்பாவும், ‘நாங்கள் பட்டது போதும், நீ படி’ என்று பிள்ளையிடம் சொல்கிறார்கள். எந்தத் தொண்டு நிறுவனமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆள் வேண்டும் என்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள், வேலை நேரத்தை எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், குழந்தையை விட்டுவிட்டு வர நல்ல காப்பகம் வையுங்கள். மூன்றையும் செய்யாமல் அடுத்தவர் மீது பழி போடுவது கையாலாகாத்தனம்.

இனி, ஊர்ப் பெயரைக் கெடுக்கிறார்கள் என்ற பழி. சுமங்கலித் திட்டம் பற்றிய அறிக்கைகள்தான் பழி சொல்பவர்களை இன்னும் உறுத்துகின்றன. பதின்ம வயதுப் பெண்களை நூற்பாலை விடுதியில் மூன்று வருடம் தங்கவைத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை திருமணச் செலவுக்குத் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய ஏற்பாடு அது. ஊருக்கு ஊர் வேறு வேறு மங்கலப் பெயர். மக்கள் வைத்த பெயர் கேம்ப் கூலி. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பும் ‘நெதர்லாந்து இந்தியக் குழு’ என்ற அமைப்பும் 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டன, 2014இல் இன்னொன்று. அதற்கு முன்பும் பின்பும் இங்குள்ள அமைப்புகள் கிராமம் கிராமமாகப் போய், பாதியில் திரும்பிய பெண்களிடம் பேசி எழுதின. உடம்பு கெட்டுப் பாதியில் வந்தால் மொத்தத் தொகையும் போயிற்று என்பது பலர் சொன்ன அனுபவம். ஏழைப் பெண்ணுக்குத் தாலி பாக்கியம் கொடுத்தோம் என்று இன்னமும் சிலர் இதை நியாயப்படுத்துகிறார்கள். அவள் உழைத்த சம்பளத்தையே பிடித்து வைத்து, மூன்று வருடம் கழித்து நகைக்குத் தருவதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்?

கல்யாணத்துக்குப் பணம் தருவதே உதவி என்ற எண்ணத்தை விட்டுத் தமிழ்நாடு அரசே நகர்ந்துவிட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தை 2022இல் பெண்களின் உயர்கல்வித் திட்டமாக மாற்றியது, அதுதான் புதுமைப் பெண். கல்யாணத்துக்குத் தரும் பணத்தைப் படிப்புக்குத் தருவோம் என்று அரசாங்கம் முடிவெடுத்து வருடங்கள் ஆன பிறகும், கல்யாணச் செலவைக் காட்டிப் பெண்ணை வேலைக்கு இழுப்பதை உதவி என்று பேசுகிறவர்கள் காலத்தில் பின்தங்கிவிட்டார்கள்.

ஊர்ப் பெயர் கெட்டது அறிக்கையால் அல்ல, அறிக்கையில் எழுதப்பட்டவை நடந்ததால். 2021 ஜனவரியில் திண்டுக்கல் ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கொலை செய்ததாக வழக்கு. அதற்குப் பிறகு 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் ஆலையை நடத்தும் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிறகு வேறு சில பிராண்டுகளும் வந்தன. பாலியல் தொல்லையைப் பற்றிப் புகார் சொல்லவும், லைனிலேயே கண்காணிக்கவும் தொழிலாளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்த ஒப்பந்தத்தின் மையம். வாய் திறக்கப் பயிற்சி பெற்ற பெண்களால் ஆலை மூடப்பட்டுவிடவில்லை. எதைப் பேசினால் ஆர்டர் போய்விடும் என்று பயமுறுத்தினார்களோ, அதைப் பேசவைக்க பிராண்டுகளே கையெழுத்துப் போட வேண்டி வந்தது.

கடைசியாக, எங்களுக்குத் தையல்காரர்களைத் தயாரித்து அனுப்புவதுதான் உண்மையான தொண்டு என்ற யோசனை. இதில்தான் இந்த வாதத்தின் உள்நோக்கம் முழுதாக வெளியே வருகிறது. இவர்களுக்குத் தொண்டு நிறுவனம் என்றாலே ஆகாது என்பதில்லை. 2014இல் மத்திய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனாவில் பயிற்சி மையம் நடத்தும் அமைப்புகளும் உண்டு. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை காட்டினால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். எனவே சில மாதம் மிஷின் ஓட்டப் பழக்கி, ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருக்கும் பெண்களை ரயிலேற்றி இங்கே அனுப்புகிறார்கள். வந்த பெண்ணுக்கு மொழி தெரியாது, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, விடுதியை விட்டு வெளியே வர அனுமதி கேட்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் அவள் வேலையில் அமர்த்தப்பட்டவள். அவள் எத்தனை மாதம் நிலைத்தாள், இரண்டு வருடத்தில் என்ன பதவிக்கு வந்தாள் என்று கேட்பார் குறைவு. இந்த அமைப்புகளை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். 1993 முதல் திருப்பூரில் குழந்தைத் தொழிலாளர்களைப் பனியன் பட்டறையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பிய சேவ் போன்ற அமைப்புகளை மட்டும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். ஆள் பிடித்துத் தருபவர் தொண்டர், ஆளுக்கு விவரம் சொல்பவர் துரோகி. இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் இருப்பது லாபக் கணக்கு மட்டுமே, இளைஞர் நலன் அதில் துளியும் இல்லை.

தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சரியாகச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. பேனர் கட்டி, நானூறு பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து, ஊக்கப் பேச்சாளர் ஒருவரை ஒரு மணி நேரம் கத்தவைத்து, போட்டோ எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பிவிட்டால் வழிகாட்டல் முடிந்தது என்று நினைக்கும் அமைப்புகள் இங்கே இருக்கின்றன. மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களைத் தாராளமாக விமர்சியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய விதைத் திட்டம் ஏன் மதிக்கப்படுகிறது? வீட்டுக்குப் போய் நிலைமையைப் பார்த்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால், படிப்பு முடியும்வரை கூடவே நிற்கிறது. வழிகாட்டல் என்றால் அந்தக் காலநீளம் வேண்டும். ஆனால் இந்த வாதக்காரர்களின் புகார் அமைப்புகள் அரைகுறையாக வேலை செய்கின்றன என்பதில்லை. நன்றாக வேலை செய்கிற இடத்தில்தான் புகார் எழுகிறது.

தமிழ்நாட்டின் மற்ற மூலைகளில் தங்கள் பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குள் ஆள் கேட்டு வருபவர் கம்பெனி ஏஜென்ட்டாக இருந்தாலும், பயிற்சி மையக்காரராக இருந்தாலும், தொண்டு நிறுவனத்தின் அடையாள அட்டை மாட்டியவராக இருந்தாலும், முதலில் வேலை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, பாதியில் திரும்பி வந்தால் உழைத்த நாளுக்கான பணம் உடனே கிடைக்குமா, ஒரு வருடம் கழித்து வேறு என்ன வேலை கற்றுத்தருவார்கள் என்று இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரோடு உங்கள் மகளை அனுப்பாதீர்கள். பள்ளியில் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், கல்லூரிச் சேர்க்கை முடியும்வரை காத்திருங்கள்.